பதினொரு தடவை போன். சொல்ல மறந்தது ஒன்று!

நாயை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

இரவு மணி எட்டு.

கொட்டச்சேட்டில் ஒரு காப்பித் தோட்டம். நல்ல இருட்டு. பனி வேறு இறங்கிக்கொண்டு இருக்கிறது.

"மணி! டேய் மணி! எங்கடா போனே?"

டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் அலைகிறார். வயது அறுபதுக்கு மேல். தோட்டத்துக் காவல்காரர். மூன்று மணி நேரமாகக் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மணி என்பது ஒரு நாய். ராஜபாளையம் சாதி. பால் போல வெள்ளை. சேலத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தார் வளர்ப்பது. அவர்கள் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்தார்கள். நான்கு நாளைக்கு நாயைப் பெரியவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு நாய் கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவிட்டது.

அந்த மலையில் காட்டெருமைகள் உண்டு. இருட்டினால் அவை காப்பித் தோட்டங்களுக்குள் வரும். பக்கத்திலேயே லாரி போகும் பாதை. பெரியவரின் வயிறு கலங்கியது. "பிள்ளை மாதிரி வளர்த்த நாய். போனால் என்ன பதில் சொல்வேன்?"

அந்த நாய் கிடைத்ததா? சொல்கிறேன். அதற்கு முன், அந்தப் பெரியவரைப் பற்றியும் அவருடைய வேலையைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொட்டச்சேடு எங்கே இருக்கிறது?

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு இரண்டு மலைப்பாதைகள் இருக்கின்றன. ஒன்று, 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை. சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் போவார்கள். மற்றொன்று குப்பனூர் வழியாகப் போகும் பாதை. கொட்டச்சேடு இந்தக் குப்பனூர் பாதையில் இருக்கிறது.

சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820-ம் ஆண்டு வாக்கில் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இன்றும் இந்த மலைக்குச் சோறு போடுவது காப்பிதான். நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் வானத்தை முட்டும். அந்த மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும்.

நம்முடைய பெரியவர் அப்படி ஒரு தோட்டத்தில் காவல்காரர். தோட்டக்காரரின் அனுமதியோடு இன்னொரு வேலையும் செய்கிறார். ஊருக்குப் போகிறவர்களின் நாய்களைப் பார்த்துக்கொள்கிறார். நாளுக்கு இவ்வளவு என்று கூலி. காலையிலும் மாலையிலும் நாய்களை நடக்க அழைத்துப் போவார். சோறு வைப்பார். இரவில் தன் அறைத் திண்ணையில் கட்டிக்கொள்வார்.

சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் இது இப்போது ஒரு தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. காலையில் நாயை நடத்திப் போக ஓர் ஆள். வீட்டுக்காரர் வெளியூர் போனால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகளில் வேறு வழி இல்லை.

நமக்குப் புதிதா இது?

"நாயை நடத்துவதற்குக் கூட ஆளா? காலம் கெட்டுப்போச்சு!" என்று சிலர் சிரிக்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்முடைய கிராமங்களில் மந்தை மாடு மேய்ப்பவர் இருந்தாரே! காலையில் தெருவில் குரல் கொடுப்பார். வீட்டுக்கு வீடு மாடுகளை அவிழ்த்து விடுவார்கள். அவற்றை ஓட்டிக்கொண்டு போவார். பொழுது சாயும்போது திரும்பக் கொண்டுவந்து விடுவார்.

அப்படி மாட்டை அவிழ்த்து விடும்போது வீட்டு அம்மா சும்மா இருக்க மாட்டார். "இது சினை மாடு. மேட்டில் ஓட்டாதே." "இந்தக் கிடாரி முட்டும். பார்த்துக்கோ." "இதற்குக் காலில் புண்." ஒரே ஒரு வார்த்தை. வாசலில் நின்றபடி சொல்லிவிடுவார். மேய்ப்பவர் அதை மனத்தில் வாங்கிக்கொள்வார். அதற்கு மேல் பேச அவருக்கு நேரம் ஏது? அடுத்த வீட்டு மாடு காத்துக்கொண்டு இருக்கும்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் ஜிம் பக் என்று ஒருவர் இருந்தார். 1960-களில் பல வீட்டு நாய்களை ஒன்றாக அழைத்துக்கொண்டு தெருவில் நடப்பார். அதுவே அவருக்குத் தொழில். 1964-ம் ஆண்டில் நாய்களுக்கென்று ஒரு பள்ளியும் நடத்தத் தொடங்கினார். 2013-ம் ஆண்டு அவர் இறந்தபோது, நாய் நடத்துவதைத் தொழிலாக்கிய முன்னோடி என்று பத்திரிகைகள் எழுதின. நம்முடைய மந்தைக்காரர் மாடுகளை வைத்துச் செய்ததை, அவர் நாய்களை வைத்துச் செய்தார். அவ்வளவுதான் வித்தியாசம்!

அன்றைக்கு என்ன நடந்தது?

இப்போது பெரியவரிடம் வருவோம்.

அது கார்த்திகை மாதம். முகூர்த்த நாள். காப்பிப் பழம் பறிக்கும் காலமும் அதுதான். நவம்பர் மாதம் தொடங்கினால் ஜனவரி வரை தோட்டத்தில் ஓய்வே கிடையாது. சாயங்காலம் பெண்கள் பழ மூட்டைகளைக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு மூட்டையையும் எடை போட வேண்டும். கணக்கில் ஏற்ற வேண்டும். பெரியவர் அதற்கும் உதவியாக நிற்பார். அன்றைக்கு அவர் பொறுப்பில் மூன்று நாய்கள் வேறு.

சேலத்துக் குடும்பத்தார் நல்லவர்கள். நாயின் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அதனால் இரண்டு நாளில் பதினொரு தடவை போன் செய்தார்கள்.

"மணி சாப்பிட்டானா?"

"மணி தூங்கினானா?"

"எங்களைத் தேடுகிறானா?"

"ஒரு போட்டோ அனுப்புங்கள்."

ஒவ்வொரு தடவையும் பெரியவர் தராசை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுவார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மூன்றாம் நாள் மாலை அப்படி ஓடினார். நாயை அவசரமாக ஒரு கம்பத்தில் கட்டிவிட்டுப் போனார். முடிச்சு சரியாக விழவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கயிறுதான் கிடந்தது!

பெரியவர் தேடினார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். விசில் அடித்தார். பதில் இல்லை. சென்னைக்குப் போன் செய்தார். அங்கே வரவேற்பு நடந்துகொண்டு இருந்தது. நாதஸ்வரச் சத்தத்தில் போன் அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. நான்காவது தடவை அந்த வீட்டுச் சின்னப் பெண் எடுத்தாள். பத்து வயது.

"பாப்பா! மணியைக் காணோம். மூணு மணி நேரமாக் கூப்பிடறேன், வரமாட்டேங்குது."

"தாத்தா! கூப்பிட்டா அதுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் காது கேட்காதே! டார்ச்சை ஆட்டிக் காட்டுங்க. ஓடி வந்துடும்!"

பெரியவர் அப்படியே நின்றுவிட்டார்.

டார்ச்சை மேலும் கீழும் ஆட்டினார். ஐம்பது அடி தூரத்தில், ஒரு சில்வர் ஓக் மரத்தின் அடியில் இருந்து வெள்ளையாக ஏதோ எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. அவ்வளவு நேரமும் அது அங்கேதான் படுத்திருந்தது!

சொல்லாதது ஏன்?

ராஜபாளையம் நாய் நம்முடைய நாட்டின் பெருமை. 2005-ம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நாய்களின் படம் போட்ட தபால் தலைகளை வெளியிட்டது. அவற்றில் ராஜபாளையமும் ஒன்று. ஆனால், இந்தச் சாதியில் சில குட்டிகள் பிறக்கும்போதே காது கேளாமல் பிறக்கும். வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த செய்திதான்.

சேலத்து வீட்டில் மணியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வரவழைப்பது இல்லை. தரையில் காலால் தட்டுவார்கள். அந்த அதிர்ச்சியில் அது திரும்பிப் பார்க்கும். அல்லது விளக்கைக் காட்டுவார்கள். ஐந்து வருடப் பழக்கம். பழகிப்போனதால், அதைச் சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

இதுதான் முக்கியம். நமக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். பதினொரு தடவை பேசினார்கள். எல்லாம் தங்கள் மனம் ஆறுவதற்காகப் பேசியவை. பார்த்துக்கொள்கிறவருக்கு வேண்டிய ஒரு செய்தியைச் சொல்லவில்லை.

ஒரு தாளில் எழுதுங்கள்

அப்படியானால் என்ன செய்யலாம்? நாயை ஒப்படைக்கும் முன்பு ஒரு தாள் எடுங்கள். பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வரியாக எழுதுங்கள். எழுத வேண்டியவை இவை:-

1. நாயின் பேர், வயது. எப்படிக் கூப்பிட்டால் வரும்?

2. எதற்குப் பயப்படும்? வெடிச் சத்தமா, குடையா, குழந்தைகளா?

3. யாரையாவது கடித்தது உண்டா? மற்ற நாய்களோடு சண்டை போடுமா? இதை மறைக்கவே கூடாது.

4. என்ன சாப்பிடும், எத்தனை வேளை, எவ்வளவு? எது ஒத்துக்கொள்ளாது?

5. மருந்து உண்டா? எத்தனை மணிக்கு?

6. வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசி போட்ட தேதி. ஊசி அட்டையின் நகல்.

7. கால்நடை மருத்துவரின் போன் எண்.

8. உங்கள் எண். நீங்கள் எடுக்காவிட்டால் பேச வேண்டிய இன்னொருவரின் எண்.

9. அவசரம் என்றால் எங்களைக் கேட்காமலே மருத்துவரிடம் போகலாம் என்ற அனுமதி. அதற்கான முன்பணம்.

10. நீங்கள் திரும்பி வரும் நாளும் நேரமும்.

எழுதியதை ஒரு தடவை அவருக்குப் படித்தும் காட்டுங்கள். "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேளுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும். அந்தப் பத்து நிமிடம் மூன்று மணி நேர அலைச்சலைத் தடுக்கும்.

ஒன்பதாவது வரியை மறக்காதீர்கள். கூலி வேலை செய்கிறவர் நாய்க்கு வாந்தி வந்தால் தயங்குவார். "மருத்துவரிடம் போனால் செலவு ஆகும். யார் கொடுப்பார்கள்? நாமாகப் போனால் கோபித்துக்கொள்வார்களோ?" என்று யோசிப்பார். அந்தத் தயக்கத்தில் ஒரு ராத்திரி போய்விடும். சில நோய்களில் ஒரு ராத்திரி என்பதே அதிகம். மலையில் இருந்து சேலத்துக்கு இறங்கவும் நேரம் ஆகும். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற இலவச எண் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதையும் தாளில் எழுதி வையுங்கள்.

எப்போது போன் செய்வது?

பார்த்துக்கொள்கிறவர் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. நகரத்தில் என்றால் ஒரு கையில் மூன்று சங்கிலி இருக்கும். எதிரே பஸ் வரும். அந்த நேரத்தில் போன் அடித்தால் அவர் என்ன செய்வார்? எடுத்தால் நாய் இழுக்கும். எடுக்காவிட்டால் உங்களுக்குக் கோபம் வரும்.

ஆகவே, ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "ராத்திரி எட்டு மணிக்கு நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். மற்ற நேரத்தில் அவர் கூப்பிட்டால் அவசரம் என்று அர்த்தம். உடனே எடுங்கள். கல்யாண வீடாக இருந்தாலும் எடுங்கள்! போனைப் பையில் போடாமல் ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள்.

அவசரம் இல்லாத செய்தியை வாட்சப்பில் அனுப்புங்கள். ஒரு செய்தியில் ஒரு விஷயம் இருக்கட்டும். "சோறு வைத்தீர்களா, மருந்து கொடுத்தீர்களா, குளிப்பாட்டினீர்களா?" என்று ஒரே மூச்சில் கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர் என்றால் குரலில் பேசி அனுப்புங்கள்.

பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒரு வார்த்தை. கெட்ட செய்தியை ஒளிக்காதீர்கள். "கால் நொண்டுகிறது, இன்று சாப்பிடவில்லை" என்பதை அன்றைக்கே சொல்லுங்கள். நாளைக்குச் சொன்னால் பழி உங்கள் மேல் வரும். "நாய் நலம்" என்று ஒரு வரி அனுப்பினால், வீட்டுக்காரர் ஐந்து தடவை போன் செய்ய மாட்டார்.

மலையில் கவனம் தேவை

கோடை விழாக் காலத்தில் ஏற்காட்டுக்கு நாயோடு வருகிறவர்கள் பலர். அந்த விழாவில் நாய்கள் கண்காட்சியும் நடப்பது உண்டு. காப்பித் தோட்டத்தில் நாயை விடுகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காப்பிக் கொட்டையும் காப்பித் தூளும் நாய்க்கு ஆகாது. அதில் உள்ள காபீன் என்ற பொருள் நாயின் இதயத்தைப் படபடக்கச் செய்யும். அதிகம் தின்றால் உயிருக்கே ஆபத்து. சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகியவையும் அப்படித்தான். நாம் தலைவலிக்குப் போடும் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

மழைக் காலத்தில் அட்டை கடிக்கும். புதரில் உண்ணி ஏறும். உண்ணியால் நாய்க்கு ரத்தத்தைப் பாதிக்கும் காய்ச்சல் வரும். நடந்து வந்ததும் காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் பார்க்க வேண்டும். இருட்டிய பிறகு நாயை அவிழ்த்து விடக் கூடாது. காட்டெருமையைப் பார்த்து நாய் குரைத்தால், அது துரத்தி வருவது நாயை மட்டும் அல்ல, நாயைப் பிடித்திருப்பவரையும்தான்.

கடித்தால் யார் பொறுப்பு?

மூன்றாவது வரியையும் ஆறாவது வரியையும் சிலர் எழுதத் தயங்குவார்கள். "கடிக்கும் என்று சொன்னால் பார்த்துக்கொள்ள மாட்டார்களே!" என்று மறைத்துவிடுவார்கள். இது பெரிய தவறு.

வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால், வராமல் முழுவதும் தடுக்கலாம். ஒரு காலத்தில் தென்னாட்டில் நாய் கடித்தால், ஊசி போட வடக்கே கசௌலி மலை வரை போக வேண்டும். 1907-ம் ஆண்டு குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்த பிறகுதான் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே ஊசி போடுகிறார்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சொன்ன தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. தன் வசம் உள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராதபடி கவனமாக இருக்க வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு. "தன் வசம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நாய் யார் கையில் இருக்கிறதோ, அவரும் மாட்டிக்கொள்ளலாம். நீங்கள் மறைத்த ஒரு செய்திக்காக ஓர் ஏழைக் காவல்காரர் போலீஸ் நிலையத்தில் நிற்க வேண்டுமா?

இன்னொன்று. எப்போதும் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடக்க விடாமல் இருப்பது கொடுமை என்று 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே, நாயை நடத்த ஆள் வைப்பது ஆடம்பரம் அல்ல. உங்களால் முடியாதபோது, அது உங்கள் கடமை.

மரியாதையும் கூலிதான்

பேசிய பணத்தைப் பேசிய நாளில் கொடுங்கள். ஒரு நாள் தாமதமாக வருவதானால் முன்பே சொல்லுங்கள். அவருக்கும் வீடு இருக்கிறது. அவருக்கும் கல்யாணம், காது குத்து உண்டு. "ஏய்" என்று கூப்பிடாமல், "அண்ணா", "அம்மா" என்று கூப்பிடுங்கள். உங்கள் வீட்டு உயிர் ஒன்று அவர் கையில் இருக்கிறது.

தாளில் எழுதிய முதல் வரி

சில மாதங்களுக்குப் பிறகு நான் கொட்டச்சேட்டில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். மணி அவர் காலடியில் படுத்திருந்தது. குடும்பத்தார் மறுபடியும் வெளியூர் போயிருந்தார்கள்.

"இப்போ எத்தனை போன் வருது?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "ராத்திரி எட்டு மணிக்கு ஒண்ணு. அவ்வளவுதான் சார். அங்கே பாருங்க" என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்தச் சின்னப் பெண் நாயே பேசுவது போலப் பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். பெரியவர் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, எனக்குப் படித்துக் காட்டினார்.

முதல் வரி இதுதான்:-

"தாத்தா, எனக்குக் காது கேட்காது. விளக்கைக் காட்டுங்கள். ஓடி வருவேன்."